தூரத்து நாடு எப்படிப் பார்க்கிறது? ருவாண்டாவை வைத்து ஓர் எளிய விளக்கம்

எங்கோ ஒரு நாட்டில் மக்கள் கொத்துக்கொத்தாகக் கொல்லப்படும் செய்தி வந்ததும் நம் கைப்பேசியில் இரண்டு வாக்கியங்கள் சுற்ற ஆரம்பிக்கும். "உலகம் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது" என்பது ஒன்று. "ஐ.நா.வை இழுத்து மூடுங்கள்" என்பது இன்னொன்று. கோபம் நியாயமானதுதான். ஆனால் இரண்டுமே ஒரு நாட்டை ஒரு ஆளாக நினைத்துக்கொண்டு சொல்லப்படுபவை. ஆளுக்குக் கண் உண்டு, மனசாட்சி உண்டு, பார்த்தும் பாராமல் போனால் முகத்துக்கு நேராகத் திட்டலாம். நாட்டுக்கு இருப்பவை அலுவலகங்கள். அங்கே ஒரு படுகொலை எப்படி வந்து சேர்கிறது, வந்த பிறகு அதற்கு என்ன ஆகிறது என்று தெரியாமல் பேசினால் கோபம் தவறான ஆள் மீது போய் விழும்.

உதாரணத்துக்கு 1994-ல் ருவாண்டாவையும் அமெரிக்காவையும் எடுத்துக்கொள்கிறேன். அப்போது வாஷிங்டனில் யார் யாருக்கு என்ன எழுதினார்கள் என்ற அரசு ஆவணங்களில் நிறைய பின்னாளில் வெளியிடப்பட்டுவிட்டன. வேறு இடங்களில் ஊகிக்க வேண்டியதை இங்கே படித்தே பார்க்கலாம்.

## மனு எங்கே போகிறது?

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும். "எங்கள் ஏரிக்கரை உடையப் போகிறது, மழைக்கு முன்னால் சரிசெய்து கொடுங்கள்" என்று ஓர் ஊர்க்காரர்கள் மனு கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனு வாங்கப்படும், முத்திரை விழும், எண்ணும் கிடைக்கும். பொதுப்பணித் துறைக்குப் போனால், "இது ஒன்றியத்து ஏரி" என்பார்கள். ஒன்றியத்தில் நிதி இல்லை. வருவாய்த் துறையோ, "கரையில் ஆக்கிரமிப்பு இருக்கிறது, முதலில் அளக்க வேண்டும்" என்று எழுதி அனுப்பும். ஒவ்வொரு பதிலும் அந்தந்த மேசையில் சரியான பதில். மழை வந்து கரை உடைந்த பிறகு விசாரித்தால் கடமை தவறியவர் என்று ஒருவரைக்கூடக் காட்ட முடியாது. யாருக்கும் தெரியாமலும் இருக்கவில்லை.

வெளிநாட்டில் நடக்கும் படுகொலையும் தூரத்துத் தலைநகரத்துக்கு இப்படி ஒரு மனுவாகத்தான் வருகிறது. தூதரகம் தகவல் அனுப்பும். உளவுத்துறை அதைச் சுருக்கும். வெளியுறவுத் துறையில் அந்தக் கண்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பிரிவு குறிப்பு எழுதும். அப்புறம் அது ராணுவத்துக்கும், சட்டப் பிரிவுக்கும், நிதி பார்ப்பவர்களுக்கும் போகும். "அங்கே என்ன நடக்கிறது?" என்ற கேள்வி கொஞ்ச நேரம்தான் உயிரோடு இருக்கும். அதன் பிறகு ஒவ்வொரு மேசையும் கேட்பது வேறு: இதில் நம் துறைக்கு என்ன வேலை, என்ன செலவு, நாளைக்கு ஏதாவது ஆனால் பதில் சொல்வது யார்?

## சட்டம் எதை இனப்படுகொலை என்கிறது?

போலந்திலிருந்து தப்பிவந்த யூத வழக்கறிஞர் ரஃபேல் லெம்கின் 1944-ல் இந்தக் குற்றத்துக்கு ஒரு பெயர் கொடுத்தார். 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச்சபை அதைத் தடுக்கவும் தண்டிக்கவும் ஓர் உடன்படிக்கையை ஏற்றது. அதன்படி இனப்படுகொலை என்பது, ஒரு தேசிய, இன அல்லது மதக் குழுவை, அந்தக் குழு என்பதற்காகவே, முழுவதுமாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கத்தோடு செய்யப்படும் செயல். கொல்வது மட்டும் இல்லை. கடுமையான உடல், மனக் கேடு விளைவிப்பது, பிழைக்க முடியாத நிலைமைகளுக்குள் வேண்டுமென்றே தள்ளுவது, பிறப்பைத் தடுப்பது, பிள்ளைகளைப் பிடுங்கி வேறு குழுவிடம் கொடுப்பது ஆகியவையும் பட்டியலில் உண்டு.

இங்கே பலரும் தடுமாறும் இடம் எண்ணிக்கை. இத்தனை லட்சம் பேர் செத்தால்தான் இனப்படுகொலை என்று எந்த விதியும் கிடையாது. அச்சாணி நோக்கம்தான். அதை நிரூபிப்பதுதான் கஷ்டம், ஏனென்றால் எந்த அரசும் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டு வைப்பதில்லை. நோக்கம் நிரூபணமாகாத பெரும் கொலைகளை மானுடத்துக்கு எதிரான குற்றம் என்று சட்டம் தனியாக வைத்திருக்கிறது. அது சின்னக் குற்றம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

உடன்படிக்கையில் கையெழுத்துப் போடுவது ஒன்று, அதைத் தன் நாட்டுச் சட்டப்படி உறுதிசெய்து ஏற்பது இன்னொன்று. அமெரிக்கா கையெழுத்துப் போட்டது 1948-ல், ஏற்றது 1988-ல். இடையில் நாற்பது வருடம். வில்லியம் ப்ராக்ஸ்மையர் என்ற செனட்டர் 1967-லிருந்து செனட் கூடிய நாளெல்லாம் எழுந்து நின்று இதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். மொத்தம் 3,211 உரைகள். அவ்வளவு நாள் இழுத்ததன் காரணங்களில் ஒன்று, நாளைக்கு யாராவது நம்மையே கூண்டில் ஏற்றிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். இந்தியா 1959-லேயே ஏற்றுக்கொண்டது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

இதுவரை சொன்னதில் இரண்டு விஷயங்களைக் கையில் வைத்துக்கொண்டால் போதும். நாடு என்பது மேசைகளின் வரிசை. இனப்படுகொலை என்பது நோக்கத்தை வைத்து அளக்கப்படும் குற்றம். இனி ருவாண்டா.

## யாருக்கு எப்போது தெரியும்?

ருவாண்டாவில் ஹூட்டு மக்கள் பெரும்பான்மை, டூட்சி மக்கள் சிறுபான்மை. 1990-லிருந்து ஹூட்டு ஆதிக்க அரசுக்கும், டூட்சி அகதிகளின் பிள்ளைகள் உகாண்டாவில் திரண்டு உருவாக்கிய ருவாண்டா தேசபக்த முன்னணிக்கும் சண்டை. 1993-ல் சமாதான ஒப்பந்தம். அதைக் கண்காணிக்க ஐ.நா. அமைதிப்படை போனது. அமைதிப்படை என்றால், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பிறகு நடுவில் நின்று பார்த்துக்கொள்ள நாடுகள் கடன் கொடுக்கும் வீரர்கள். சண்டை போட அனுப்பப்படுகிறவர்கள் இல்லை. ருவாண்டாவில் சுமார் 2,500 பேர் இருந்தார்கள். தளபதி கனடா நாட்டு ரோமியோ டலேர்.

1994 ஜனவரி 11 அன்று டலேர் நியூயார்க்கில் உள்ள ஐ.நா. தலைமையகத்துக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பினார். ஆளும் தரப்பின் ஆயுதக் குழுவுக்குப் பயிற்சி கொடுத்த ஒருவரே அவரிடம் வந்து பேசியிருந்தார். தலைநகர் கிகாலியில் உள்ள டூட்சிகளைக் கணக்கெடுத்துப் பதிவுசெய்யச் சொல்லியிருக்கிறார்கள், கொல்லத்தான் என்று சந்தேகிக்கிறேன், என் ஆட்கள் இருபது நிமிடத்தில் ஆயிரம் பேர் வரை கொன்றுவிட முடியும் என்பது அவர் சொன்ன தகவல். ஆயுதம் பதுக்கிய இடங்களைச் சோதனை போடப் போவதாக டலேர் எழுதினார். வேண்டாம் என்று பதில் வந்தது. அது படைக்குக் கொடுக்கப்பட்ட ஆணைக்குள் வராதாம். தகவலை ருவாண்டா அதிபரிடம் சொல்லுங்கள், அமெரிக்க, பிரெஞ்சு, பெல்ஜியத் தூதர்களிடமும் சொல்லுங்கள் என்றார்கள். ஆக, மூன்று நாடுகளின் மேசைகளுக்கும் விஷயம் ஜனவரியிலேயே போய்ச் சேர்ந்தது.

ஏப்ரல் 6 இரவு அதிபர் ஹபியரிமானாவின் விமானம் கிகாலி அருகே சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாளே பிரதமர் அகாத் உவிலிங்கியிமானா கொல்லப்பட்டார். அவருக்குக் காவல் போன பத்து பெல்ஜிய வீரர்களும் கொல்லப்பட்டார்கள். தெருவெங்கும் தடுப்புகள். அடையாள அட்டையில் 'டூட்சி' என்று இருந்தால் அங்கேயே முடிந்தது. ஏறத்தாழ நூறு நாளில் செத்தவர்கள் சுமார் 8 லட்சம் பேர் என்பது ஐ.நா. கணக்கு. ருவாண்டா அரசு 10 லட்சத்துக்கும் மேல் என்கிறது.

தூரத்து நாடுகள் முதல் சில நாட்களில் செய்தது தங்கள் ஆட்களை வெளியே எடுத்தது. அதை மின்னல் வேகத்தில் செய்தார்கள். ஏப்ரல் 10-க்குள் அமெரிக்கர்கள் சாலை வழியாகப் பக்கத்து நாடான புருண்டிக்குப் போய்விட்டார்கள். கிகாலியில் ஒரு தொழில்நுட்பப் பள்ளியில் பெல்ஜிய அமைதிப்படையினர் தங்கியிருந்தார்கள். அவர்கள் இருக்கும் தைரியத்தில் சுமார் 2,000 பேர் உள்ளே தஞ்சம் புகுந்திருந்தார்கள். வாசலில் கொலைகாரர்கள் காத்திருந்தார்கள். ஏப்ரல் 11 அன்று, வெளிநாட்டினரை அழைத்துப் போகிற வேலை முடிந்ததும் வீரர்கள் வண்டியில் ஏறிப் புறப்பட்டுவிட்டார்கள். உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலானோர் அன்றே கொல்லப்பட்டார்கள். இதைப் படிக்கும்போது நான் எப்போதும் கவனிப்பது ஒன்றுதான்: அந்த வாரத்தில் கிகாலியில் இறங்கிய வெளிநாட்டு வீரர்களையும் விமானங்களையும் வேறு வேலைக்குப் பயன்படுத்த யாருக்கும் உத்தரவு இல்லை.

அமெரிக்க உளவுத்துறையின் ஏப்ரல் 23 தேதியிட்ட அன்றாட அறிக்கையில் 'இனப்படுகொலை' என்ற சொல்லே இருக்கிறது. ஆகவே "தெரியாது" என்பதை இத்தோடு விட்டுவிடலாம்.

## மொகடிஷுவின் நிழல்

தெரிந்தும் ஏன் அசையவில்லை? ஆறு மாதம் பின்னால் போக வேண்டும். 1993 அக்டோபர் 3 அன்று சோமாலியத் தலைநகர் மொகடிஷுவில் 18 அமெரிக்க வீரர்கள் கொல்லப்பட்டார்கள். ஒரு வீரரின் உடலைத் தெருவில் இழுத்துப் போகும் காட்சியை அமெரிக்கா தொலைக்காட்சியில் பார்த்தது. ஆப்பிரிக்காவில் ஐ.நா. நடவடிக்கை என்றாலே வாஷிங்டனில் எல்லோரும் பின்வாங்கும் நிலை வந்தது. ஐ.நா. படைகளுக்கு எப்போது ஆதரவு கொடுக்கலாம் என்று கடுமையான நிபந்தனைகள் போட்ட கொள்கை ஆணை ஒன்று தயாரானது. அதிபர் கிளிண்டன் அதில் கையெழுத்துப் போட்டது 1994 மே தொடக்கத்தில், அதாவது ருவாண்டாவில் கொலை உச்சத்தில் இருந்தபோது.

இது முக்கியமான பாடம். ஒரு நாடு புதுப் படுகொலையைப் புதுக் கண்ணோடு பார்ப்பதில்லை. கடைசியாக எங்கே கையைச் சுட்டுக்கொண்டதோ அதன் வழியாகத்தான் பார்க்கிறது.

பெல்ஜியமும் அப்படித்தான். தன் பத்து வீரர்கள் செத்ததும் படையை விலக்கியது. அதோடு விடவில்லை. தனியாக ஓடியதாகத் தெரியக்கூடாது என்று மொத்த அமைதிப்படையையும் திரும்பப் பெறச் சொல்லி மற்ற நாடுகளையும் வற்புறுத்தியது. ஏப்ரல் 21 அன்று ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில், 912-ஆம் தீர்மானத்தில் படையை 270 பேராகக் குறைக்க முடிவு செய்தது. பாதுகாப்பு கவுன்சில் என்பது பதினைந்து நாடுகள் உட்காரும் அவை. போர், அமைதி விஷயங்களில் எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் முடிவை எடுக்கக்கூடிய ஐ.நா. அமைப்பு அது ஒன்றுதான். அதில் அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஐந்துக்கும் வீட்டோ, அதாவது எந்தத் தீர்மானத்தையும் ஒற்றை ஆளாக முறியடிக்கும் உரிமை உண்டு. மற்ற பத்து இடங்கள் சுழற்சியில் வரும். அந்த வருடம் அந்தப் பத்தில் ஒன்று யாரிடம் இருந்தது தெரியுமா? ருவாண்டாவிடம். கொலையை நடத்திக்கொண்டிருந்த அரசின் தூதர், கொலையைப் பற்றிய ரகசிய ஆலோசனைகளில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

## மேசைகள் கொடுத்த பதில்கள்

'ராணுவம் அனுப்பு, இல்லையென்றால் கையைக் கட்டிக்கொண்டு இரு' என்று இரண்டே வழிகள்தான் இருப்பதாகப் பொதுவாகப் பேசுகிறோம். நடுவில் எத்தனையோ படிகள் உண்டு. ருவாண்டா விஷயத்தில் என்னை அதிகம் உறுத்துவது அந்த நடுப்படிகளுக்கு நேர்ந்த கதிதான்.

வானொலியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.டி.எல்.எம். என்ற நிலையம் டூட்சிகளைக் கரப்பான்பூச்சிகள் என்று அழைத்துக் கொல்லத் தூண்டியது. யார் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்றுகூடச் சொல்லியது. அந்த அலைவரிசையைக் குழப்பிவிடும் கருவிகள் பொருத்திய விமானம் அமெரிக்காவிடம் இருந்தது. அனுப்பலாமா என்று வெள்ளை மாளிகை கேட்டது. மே 5 தேதியிட்ட குறிப்பில் பென்டகன், அதாவது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, பதில் சொன்னது: பலனும் இருக்காது, செலவும் அதிகம், ஒரு மணி நேரம் பறக்க சுமார் 8,500 டாலர். நிவாரண வேலைக்கு விமானம் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம் என்றும் சேர்த்துக்கொண்டது. ஓர் அரசின் ஒலிபரப்பில் கை வைப்பது சர்வதேசச் சட்டத்துக்குப் பொருந்துமா என்ற கேள்வியும் எழுந்தது. அந்த மேசையிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்கான பதில்கள்தான்.

அடுத்து கவச வண்டிகள். மே 17 அன்று பாதுகாப்பு கவுன்சில் மனம் மாறி 5,500 வீரர்கள் கொண்ட படைக்கு ஒப்புதல் கொடுத்தது. ஆப்பிரிக்க நாடுகள் ஆட்களைக் கொடுக்கத் தயார், ஆனால் வண்டி இல்லை. ஐ.நா. அமெரிக்காவிடம் ஐம்பது கவச வண்டிகள் கேட்டது. ஜெர்மனியில் சும்மா நின்றுகொண்டிருந்தவை இருந்தன. இனாமாகவா, வாடகைக்கா, வாடகை எவ்வளவு, ஏற்றி இறக்கும் செலவு யாருடையது என்று வாரக்கணக்கில் பேரம் நடந்தது. வண்டிகள் ஜூன் பிற்பகுதியில்தான் பக்கத்து நாடான உகாண்டாவில் இறங்கின. ஜூலை 4-ல் தேசபக்த முன்னணி கிகாலியைப் பிடித்துவிட்டது. கொலையை நிறுத்தியது அந்த முன்னணியின் வெற்றிதான், அந்த வண்டிகள் இல்லை.

தொலைபேசிகூட ஓர் ஆயுதம்தான். வெளியுறவுத் துறையில் ஆப்பிரிக்கப் பிரிவின் துணைப் பொறுப்பில் இருந்த ப்ரூடன்ஸ் புஷ்நெல், கொலையின் பின்னணியில் இருந்த கர்னல் பகோசோராவையே நேரடியாக அழைத்து, உங்களைத்தான் பொறுப்பாக்குவோம் என்று எச்சரித்தார். நடு மேசையிலிருந்து ஒருவர் செய்ய முடிந்தது அது. மேல் மேசைகள் அதே அழைப்பைச் செய்திருந்தால் எடை வேறு. வாஷிங்டனில் இருந்த ருவாண்டா தூதரகத்தை மூடச் சொல்லி கிளிண்டன் உத்தரவிட்டது ஜூலை 15 அன்று. ஒரு டாலர்கூடச் செலவாகாத நடவடிக்கை, எல்லாம் முடிந்த பிறகு வந்தது.

சுருக்கமாக, பெரிய முடிவு ஒன்றை யாரோ ஒரு கொடியவர் எடுத்து ருவாண்டாவைக் கைவிடவில்லை. வெள்ளை மாளிகையின் உயர்மட்டம் இதற்காக உட்காரவே இல்லை. உட்காராத இடத்தில் சின்ன மேசைகள் சின்னச் சின்னதாக 'முடியாது' என்று எழுதிக்கொண்டே போயின.

## 'சொல்லிவிட்டால் போர் தொடுத்தாக வேண்டும்' என்ற கதை

1994 வசந்தத்தில் அமெரிக்க அதிகாரிகள் 'இனப்படுகொலை' என்ற பெயரை உச்சரிக்காமலிருக்கப் பட்ட பாடு பிரசித்தம். ஜூன் 10 அன்று வெளியுறவுத் துறைப் பேச்சாளர் கிறிஸ்டின் ஷெல்லி, 'இனப்படுகொலைச் செயல்கள்' நடந்திருக்கின்றன என்றார். எத்தனை இனப்படுகொலைச் செயல்கள் சேர்ந்தால் ஓர் இனப்படுகொலை ஆகும் என்று ராய்ட்டர்ஸ் நிருபர் கேட்டார். அதற்குப் பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை என்றார் ஷெல்லி. அந்தத் தயக்கத்தின் மூலம் ஒரு மாதம் முன்பே பென்டகனில் எழுதப்பட்ட ஒரு குறிப்பில் இருக்கிறது. மே 1 தேதி. "கவனம். இனப்படுகொலை என்று கண்டறிந்தால் அரசு உண்மையிலேயே ஏதாவது செய்ய வேண்டி வரலாம் என்று வெளியுறவுத் துறைச் சட்டப் பிரிவு நேற்றுக் கவலைப்பட்டது" என்பது அதன் சாரம்.

இதை வைத்துத்தான், ஒரு நாடு 'இனப்படுகொலை' என்று அறிவித்துவிட்டால் சட்டப்படி படை அனுப்பியே ஆக வேண்டும் என்ற நம்பிக்கை பரவியது. அது தவறு. உடன்படிக்கையில் அப்படி ஒரு வரி இல்லை. தடுப்போம், தண்டிப்போம் என்று நாடுகள் ஒப்புக்கொள்கின்றன, அவ்வளவுதான். எப்படித் தடுப்பது என்று அது விளக்குவதில்லை.

பத்து வருடம் கழித்து இது அப்பட்டமாகத் தெரிந்தது. 2004 செப்டம்பர் 9 அன்று வெளியுறவு அமைச்சர் காலின் பவல், சூடானின் டார்ஃபூரில் நடப்பது இனப்படுகொலை என்று செனட் குழு முன் சொன்னார். சொல்லிவிட்டு, இதனால் புதிதாக எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டிய கட்டாயம் வராது என்றும் சொன்னார். 1994-ல் சொல்லப் பயந்தார்கள், 2004-ல் தைரியமாகச் சொன்னார்கள், களத்தில் வித்தியாசம் பெரிதாக இல்லை.

அப்படியானால் 'தடுக்கும் கடமை' வெறும் அலங்காரமா? இல்லை. 2007 பிப்ரவரி 26 அன்று ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றம், செர்பியா மீது போஸ்னியா தொடுத்த வழக்கில் இதற்குப் பதில் கொடுத்தது. இது நாடுகளுக்கு இடையிலான வழக்குகளை விசாரிக்கும் ஐ.நா. நீதிமன்றம். போஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சாவில் 1995 ஜூலையில் சுமார் 8,000 முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டது இனப்படுகொலை என்றது. அதைச் செய்தது செர்பிய அரசு என்று நிரூபணமாகவில்லை, ஆனால் தடுக்கும் கடமையில் செர்பியா தவறியது என்றது.

அந்தத் தீர்ப்பில் நமக்கு வேண்டியது மூன்று விஷயங்கள். வெற்றிபெற வேண்டும் என்று கடமை இல்லை, தன்னால் முடிந்த எல்லா நியாயமான வழிகளையும் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் கடமை. தீவிரமான ஆபத்து இருக்கிறது என்று தெரிந்த நொடியிலிருந்து, தெரிந்திருக்க வேண்டிய நொடியிலிருந்தும், அது தொடங்கிவிடுகிறது. கடமையின் அளவு நாட்டுக்கு நாடு மாறும், கொலைகாரர்கள் மேல் அந்த நாட்டுக்கு எவ்வளவு செல்வாக்கு என்பதைப் பொறுத்து. இதில் நிலத் தூரத்தையும் அரசியல் உறவையும் நீதிமன்றம் பெயர் சொல்லியே குறிப்பிட்டது.

தூரம் கடமையைக் குறைக்கும் என்று இதைப் படித்துவிட வாய்ப்பிருக்கிறது. ஆனால் கூடவே இருக்கும் அரசியல் உறவு என்ற அளவுகோலைப் பாருங்கள். பிரான்ஸ் ருவாண்டாவிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும், ஹபியரிமானா அரசுக்கு ஆயுதமும் பயிற்சியும் கொடுத்துவந்த நெருங்கிய நண்பன். பிரெஞ்சு அரசே அமைத்த வரலாற்றாசிரியர் குழு 2021-ல், உடந்தை என்று சொல்ல ஆதாரம் இல்லை, ஆனால் கனத்த பொறுப்புகள் பிரான்ஸுக்கு உண்டு என்று முடிவு சொன்னது.

செல்வாக்கு தலைகீழாக வேலை செய்வதும் உண்டு. 1971-ல் கிழக்குப் பாகிஸ்தானில் ராணுவம் வெறியாட்டம் போட்டபோது டாக்காவில் இருந்த அமெரிக்கத் துணைத் தூதர் ஆர்ச்சர் பிளட், இனப்படுகொலை என்ற சொல்லையே போட்டு வாஷிங்டனுக்கு எழுதினார். ஏப்ரல் 6 அன்று அவருடைய அலுவலக அதிகாரிகள் தங்கள் அரசின் கொள்கையையே கண்டித்துத் தந்தி அனுப்பினார்கள். பாகிஸ்தானை வழியாக வைத்துச் சீனாவோடு ரகசியப் பேச்சு நடத்திக்கொண்டிருந்த அதிபர் நிக்சனுக்கும் அவருடைய ஆலோசகர் கிஸ்ஸிங்கருக்கும் அது எரிச்சலூட்டியது. பிளட் டாக்காவிலிருந்து மாற்றப்பட்டார். ருவாண்டாவில் அமெரிக்காவுக்கு அக்கறை இல்லை. டாக்காவில் அக்கறை இருந்தது, எதிர்ப்பக்கத்தில்.

## தொலைபேசி அடிக்காத வீடு

ஜனநாயக நாட்டில் மேசைகளை அசைப்பது கீழிருந்து வரும் சத்தம். 1994 ஏப்ரலில் மனித உரிமைக்காரர்கள் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஆண்டனி லேக்கைப் பார்க்கப் போனார்கள். இன்னும் சத்தம் போடுங்கள் என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த ஆலோசனை. கொலராடோவின் நாடாளுமன்ற உறுப்பினர் பாட் ஷ்ரோடர் அதே மாதம் சொன்னது இன்னும் கசப்பு: ருவாண்டாவின் கொரில்லாக்கள் என்னாகும் என்று தன் தொகுதியில் சில அமைப்புகள் மிகவும் கவலைப்படுகின்றன, மனிதர்களுக்கு என்ன செய்வது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை என்றார். அந்தத் தொகுதி மக்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கொரில்லாவுக்காக வேலை செய்யும் அமைப்பு அங்கே இருந்தது, டூட்சிகளுக்காக இல்லை.

அதனால்தான் புலம்பெயர்ந்தோர் இருக்கும் நாடு வேறு மாதிரி பார்க்கிறது. கனடாவில் ஈழத்தமிழர்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். ஒன்டாரியோ சட்டமன்றம் 2021-ல் தமிழ் இனப்படுகொலை அறிவூட்டல் வாரத்துக்குச் சட்டம் இயற்றியது. 2022 மே 18 அன்று கனடா நாடாளுமன்றம் அந்த நாளை தமிழ் இனப்படுகொலை நினைவு நாளாக ஏற்றது. கொழும்பு கடுமையாக மறுத்தது. இது என்ன வகை நடவடிக்கை என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். நாடாளுமன்றத் தீர்மானம் என்பது அங்கீகாரம். அது நினைவைக் காப்பாற்றும், அரசுக்கு அழுத்தம் கொடுக்கும். யாரையும் கூண்டில் ஏற்றாது. அதற்கு வேறு வழி வேண்டும்.

1998 மார்ச் 25 அன்று கிகாலி விமான நிலையத்தில் கிளிண்டன் பேசினார். தன்னைப் போல அலுவலகங்களில் நாள் தவறாமல் உட்கார்ந்திருந்த பலர், நடப்பதன் ஆழத்தையும் வேகத்தையும் முழுசாக உணரவில்லை என்றார். உணரவில்லை என்பதை ஆவணங்களோடு வைத்துப் பார்த்தால் நம்புவது கடினம். அலுவலகங்கள் என்றாரே, அது மட்டும் மிகச் சரி.

## சின்ன நாடுகள் என்ன செய்தன?

வல்லரசுகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் கதையில் பாதி விட்டுப்போகும். 1994 ஏப்ரலில் பாதுகாப்பு கவுன்சிலில் இது இனப்படுகொலை என்று சொல்ல வேண்டும் என மல்லுக்கட்டியவை நியூசிலாந்து, செக் குடியரசு, நைஜீரியா. நியூசிலாந்துக்கும் செக் குடியரசுக்கும் ருவாண்டாவில் பெரிய தூதரகம், உளவுத்துறை எதுவும் கிடையாது. பத்திரிகைச் செய்தியையும் மனித உரிமை அமைப்புகளையும் நம்பியே பேசினார்கள். படையைக் குறைத்த பிறகும் டலேரோடு நின்றவர்களில் பெரும்பகுதி கானா வீரர்கள். சில நூறு பேர்தான். ஆயிரக்கணக்கானவர்களுக்கு அவர்கள் இருந்த இடமே அடைக்கலம் ஆனது.

இன்னும் வேடிக்கையான கதை காம்பியாவுடையது. மேற்கு ஆப்பிரிக்காவில் ஓர் ஆற்றின் இரு கரையாக நீண்டு கிடக்கும் குட்டி நாடு. மியான்மரிலிருந்து பத்தாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தூரம். 2017 ஆகஸ்டில் மியான்மர் ராணுவம் ரோஹிங்கியா முஸ்லிம் சிறுபான்மையினரைத் தாக்கியபோது 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்துக்கு ஓடிவந்தார்கள். பாதுகாப்பு கவுன்சிலில் சீனாவும் ரஷ்யாவும் மியான்மருக்குக் குடை பிடித்தன.

காம்பியாவின் சட்ட அமைச்சர் அபூபக்கர் தம்பாது, இஸ்லாமிய நாடுகளின் கூட்டம் ஒன்றுக்காக 2018-ல் வங்கதேசம் போனார். காக்ஸ் பஜார் அகதி முகாமில் மக்கள் சொன்ன கதைகளைக் கேட்டார். அவருக்கு அது பழக்கமான கதை. அதற்கு முன் பல வருடம் அவர் வேலை பார்த்தது ருவாண்டா குற்றங்களை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயத்தின் அரசுத் தரப்பு அலுவலகத்தில். 2019 நவம்பர் 11 அன்று இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் ஆதரவோடு காம்பியா, மியான்மர் மீது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது.

அகதிகள் வந்து குவிந்தது வங்கதேசத்தில். அது ஏன் வழக்குப் போடவில்லை? இங்கேதான் முன்னால் சொன்ன நிபந்தனை வருகிறது. உடன்படிக்கையின் ஒன்பதாம் பிரிவு, நாடுகளுக்குள் தகராறு வந்தால் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போகலாம் என்கிறது. வங்கதேசம் அந்தப் பிரிவுக்கு விலக்கு வைத்துத்தான் உடன்படிக்கையை ஏற்றது. இந்தியாவும் அப்படியே. நான் சம்மதிக்காமல் என்னை இழுக்க முடியாது என்று சொன்னவருக்கு, அடுத்தவரை அந்த வழியில் இழுப்பதும் எளிதில்லை. காம்பியா விலக்கு எதுவும் வைக்கவில்லை. மியான்மரும் ஒன்பதாம் பிரிவுக்கு விலக்கு வைக்க மறந்ததோ என்னவோ, வைக்கவில்லை. உரசிக்கொண்டு நிற்கும் பக்கத்து வீட்டுக்கு மூடியிருந்த கதவு, கடல்களுக்கு அப்பால் இருந்த நாட்டுக்குத் திறந்திருந்தது.

2019 டிசம்பரில், அப்போது மியான்மர் அரசின் தலைவியாக இருந்த ஆங் சான் சூகியே ஹேக்குக்கு வந்து மியான்மர் தரப்பில் வாதாடினார். 2020 ஜனவரி 23 அன்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. வழக்கு முடியும் வரை கெடுதல் பெருகாமல் இருக்கக் கொடுக்கப்படும், நாட்டைக் கட்டுப்படுத்தும் உத்தரவு அது. ரோஹிங்கியாக்களைக் காக்க வேண்டும், ஆதாரங்களை அழிக்கக்கூடாது, முதலில் நாலு மாதத்தில், பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அறிக்கை தர வேண்டும். அப்புறம் மியான்மரில் ராணுவ ஆட்சி வந்தது. பாதிக்கப்படாத காம்பியாவுக்கு இதில் என்ன வேலை என்று மியான்மர் தரப்பில் கேட்டார்கள். பாதிக்கப்பட்ட நாடு என்றால் வங்கதேசம்தான், அதற்கும் உரிமை இல்லை என்றார்கள். 2022 ஜூலை 22 அன்று நீதிமன்றம் அந்த வாதங்களைத் தள்ளியது. உடன்படிக்கையை ஏற்ற ஒவ்வொரு நாட்டுக்கும் அது மீறப்படாமல் இருப்பதில் பங்கு உண்டு, நேரடியாகப் பாதிக்கப்பட்டிருக்க வேண்டியதில்லை என்றது.

அதன் பிறகு அந்தக் கதவில் கூட்டம் சேர ஆரம்பித்தது. 2023 நவம்பரில் கனடா, பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க் ஆறும் சேர்ந்து ரோஹிங்கியா வழக்கில் தலையிட மனுச் செய்தன. மாலத்தீவு தனியாக வந்தது. அந்த வருடம் டிசம்பர் 29 அன்று தென்னாப்பிரிக்கா, காஸா விஷயத்தில் இஸ்ரேல் மீது அதே ஒன்பதாம் பிரிவின்கீழ் வழக்குப் போட்டது. இஸ்ரேல் குற்றச்சாட்டை முற்றிலும் மறுக்கிறது. 2024 ஜனவரி 26 அன்று அதிலும் இடைக்கால உத்தரவு வந்தது. இந்த நீதிமன்றத்துக்குச் சொந்தப் படை கிடையாது. உத்தரவை ஒரு நாடு மதிக்கவில்லை என்றால் புகார் சொல்லிப் போக வேண்டிய இடம் பாதுகாப்பு கவுன்சில்தான், ஐந்து வீட்டோக்களும் அங்கேதான் இருக்கின்றன.